ஆறவைத்த பால்கோவா

பேராசிரியர் மாஜிதாவை ராஜபாளையத்தில் சொந்தக்காரர்களே கேலி செய்தார்கள். இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் என்றால் பாலம் கட்டவோ மோட்டார் ஓட்டவோ சொல்லித்தர வேண்டும். இந்த அம்மாளோ உணவில் வளரும் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். ஆராய்ச்சியும் அதிலேதான். கல்யாணப் பந்தியில் அவர் வந்து உட்கார்ந்தால் பரிமாறுகிறவன் கரண்டியை இன்னொரு தடவை கழுவிவிட்டு வருவான்.

அவர் பேச்சை மதித்துக் கேட்ட ஒரே வியாபாரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருந்த இருளப்பசாமி. சுடச்சுடப் பொட்டலம் கட்டினால் உள்ளே வியர்த்து, அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது என்று மாஜிதா சொன்னார். இவரும் தட்டில் பரப்பி ஆறவைத்தே கட்டினார்.

"ஆறிப்போனத எவம்லே வாங்குவான்?" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

தொண்ணூற்று மூன்றில், தேவதானத்தில் ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டவர்கள் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். இருளப்பசாமி ஆறவைத்துக் கட்டிய பால்கோவாதான் காரணம் என்று பேச்சு கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர் கடையைச் சாத்திவிட்டு, அன்று போட்டதில் மீந்த பொட்டலத்தோடு காலேஜுக்கு வந்து நின்றார்.

மாஜிதா பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். ஆறுகிற நேரத்தில் அழுக்குக் கை பட்டிருந்தால்? யோசனை சொன்னது அவர்தானே. நல்லது செய்யப்போய் ஒரு மனுஷனின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டோமோ என்று தவித்துப்போனார்.

பால்கோவாவைப் பரிசோதனைக்கு வைத்துவிட்டு, மாணவர்களைத் தேவதானத்துக்கு பஸ் ஏற்றினார்.

"யாரு என்ன சாப்பிட்டாங்கன்னு கேளுங்க. படுத்தவங்ககிட்ட மட்டுமில்ல, நல்லா நடமாடுறவங்ககிட்டயும் கேளுங்க."

பையன்கள் அலைந்து கேட்டு வந்தார்கள். பால்கோவா தின்றவர்களில் பாதிப் பேர் கல்லுக்குண்டாகத் திரிந்தார்கள். படுத்த அத்தனை பேரும், முந்தின நாளே ஆக்கி அண்டாவோடு மூடி வைத்திருந்த கறிக்குழம்பைச் சாப்பிட்டவர்கள். பரிசோதனைத் தட்டிலும் சந்தேகப்பட்ட கிருமி எதுவும் முளைக்கவில்லை.

"ஒங்க பால்கோவா சுத்தம் அண்ணாச்சி. போயி அடுப்பப் பத்தவைங்க."

இருளப்பசாமி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மாஜிதாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, மனதை அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"ஊரே ஏசும்போது, டீச்சர் சொல்லித்தான் ஆறவச்சேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா எனக்குப் பாதி பழி கொறஞ்சிருக்கும், வாஸ்தவந்தான்." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பொறவு ஒங்க சொல்ல எவன் கேப்பான்? நீங்க இன்னும் எம்புட்டுப் பேருக்குச் சொல்ல வேண்டியது கெடக்கு."