தலைக்கு மேலே தும்புத்தடி

டோர்செட் பார்க் பக்கம் ஒரு கராஜில், கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ரோல் பார் பூட்டுகிறவள் சாம்பவி. கார் புரண்டால் அதை ஓடுகிறவரின் தலை நசுங்காமல் தாங்கும் வளைந்த இரும்புக் குழாய் அது. அவர் இருக்கும் சீற்றுக்குப் பின்னால் காரின் உடம்போடு சேர்த்து இறுக்குவார்கள். அது இல்லாத காரைப் பந்தயத் திடலுக்குள் விடமாட்டார்கள்.

ஊரார் கார்களுக்குப் பூட்டியவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்தக் கோடையில் தன் சிவப்புக் காருக்குப் பூட்டி, திடலில் தானே ஓடப்போவதாகச் சொன்னாள். உடனே ஆளாளுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார்கள்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்ன வேலை?" என்றார் பெரியம்மா தொலைபேசியில்.

"மற்றவைக்குப் பூட்டேக்க நான் பொம்பிளை இல்லையோ?" என்று கேட்டுவிட்டு சாம்பவி போனை வைத்தாள்.

அம்மா குணவதி ஓடாதே என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் விடவில்லை. ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடியின் உச்சிக்கு ஒரு தடியை வைத்துப் பார்க்கவேண்டும். திடல் விதிப்படி ஹெல்மெட் அதற்கு இரண்டு விரல் கீழே நிற்கவேண்டும். சாம்பவி குசினி கூட்டும் தும்புத்தடியை எடுத்தாள். அம்மா பறித்துவிட்டார்.

"தும்புத்தடியைத் தலைக்கு மேல பிடிக்கிறதோ? மூதேவியெல்லே பிடிக்கும்."

அதற்குப் பதிலாக யன்னல் சீலைக் கம்பியைக் கொண்டுவந்து பிடித்தார். பாரச் சீலை தொங்கி வளைந்துபோன கம்பி அது. வளைவு மேலே பார்த்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. இடம் தாராளம் என்று முடிவாயிற்று.

திடலில் பரிசோதகர் நேரான தடியை வைத்தார். அது ஹெல்மெட்டில் முட்டியது. இன்று ஓட முடியாது, கரையில் இருந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனார். பக்கத்துக் கார்க்காரன் சிரித்தான். சாம்பவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கரையில இருந்து பாக்கவோ நான் வந்தனான்?"

சீற்றைக் கழற்றி நிலத்தில் போட்டாள். மாம்பழம் வெட்ட அம்மா கொண்டுவந்த கத்தியை வாங்கி, உறையைக் கிழித்து, உயரம் குறைய உள்ளே இருந்த பஞ்சை அறுத்தெடுத்தாள். கம்பி கொண்டுவந்தது தானல்லவா என்ற எண்ணம் குணவதியைக் குத்தியது. சீற்றைத் திரும்பப் பூட்டி சாம்பவி ஏறினாள். பரிசோதகர் இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. முதல் கார்கள் கிளம்பத் தொடங்கியிருந்தன.

குணவதி விறுவிறென்று போய், திடல் கூட்டும் தும்புத்தடியை எடுத்துவந்து மகளின் தலைக்கு மேலே வைத்தார்.

"குனியாதை. நேர இரு."

இடைவெளிக்குள் தன் இரண்டு விரலையும் விட்டுப் பார்த்தார். தாராளமாகப் போயின. தடியை எடுக்காமலே பரிசோதகரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"அம்மா, மூதேவி?" என்றாள் சாம்பவி.

"வரட்டும். இந்தக் காரில உன்னைப் பிடிக்க அவளால ஏலாது."