மச்சான் பிடித்த கயிறு

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. பெரிய வரலாற்றுப் பேராசிரியரைப் பற்றி எட்டாம் வகுப்போடு நின்ற தங்கை எழுத வந்திருக்கிறேன். இருந்திருந்தால் அவர்களே முதலில் கேலி செய்திருப்பார்கள்.

அண்ணன் தூத்துக்குடி கடற்கரையில் பிறந்தவர்கள். அப்பா இளவயதிலேயே இறந்துவிட, அம்மா சங்கு கழுவிப் படிக்க வைத்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, நம் கடல்தொழிலுக்கு இயந்திரம் வந்த கதையைப் புத்தகமாக எழுதத் தொடங்கினார்கள். இயந்திரம் வந்ததால் ஊர் மாறியது என்று யாராவது சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வந்துவிடும். "ஏளா, மெஷினுக்குக் காலா இருக்கு, தானா நடந்து வாரதுக்கு? யாரு கொண்டாந்தா, யாரை எறக்கி விட்டான்னுல்லா கேக்கணும்" என்பார்கள்.

என் வீட்டுக்காரர் சங்கு குளிப்பவர். மூழ்குகிறவர் தன் இடுப்புக் கயிற்றை அடியிலிருந்து இழுத்தால் உடனே மேலே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவர்தான் பிடிப்பது எங்கள் வழக்கம். தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணன் பொறுப்பான்? பிறகு தோணி முதலாளி காற்றடிக்கும் இயந்திரம் வாங்கினார். குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினால் போதும் என்று கயிறு பிடித்தவர்களை எல்லாம் நிறுத்திவிட்டார். அண்ணன் மட்டும் விடுமுறை நாள்களில் பிடிவாதமாகப் போய்க் கயிற்றோடு உட்காருவார்கள்.

"வாத்தியாரே, குமிழி வருதுல்லா. பெறவு கயிறு எதுக்கு?" என்று தோணிக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஒரு நண்பகல், என் வீட்டுக்காரர் அடியில் சங்கெடுத்துக்கொண்டிருந்தார். இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது, குமிழிகளும் வந்துகொண்டிருந்தன. எல்லோரும் அதையே பார்த்திருக்க, அண்ணன் திடீரென எழுந்து, "மாப்ள கயிற இழுக்காரு" என்று சொல்லி இழுத்தார்கள். இவர் நீலம் பாரித்து மேலே வந்தார். வாயில் குழாய் இல்லை. இவரைத் தோணியில் கிடத்திய பிறகும், அங்கே தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டேயிருந்தன. ஆளில்லாத குழாய் அடியில் கிடந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"நான் இழுக்கல மச்சான். எனக்கு அப்பமே நெனவு போயிட்டு" என்றார் இவர்.

எதற்கும் யார் என்று கேட்கும் அண்ணன் அன்று கேட்கவில்லை. புத்தகத்தில் அந்த இடத்தில் அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.

கடைசியில் நுரையீரல் கெட்டு மருத்துவமனையில் கிடந்தபோது, அந்தப் பழைய கயிற்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டச் சொல்லி, மறுமுனையை இவர் கையில் கொடுத்தார்கள். நாங்களோ பிராணவாயுக் குப்பியில் குமிழி வருவதைப் பார்த்து ஆறுதலாக இருந்தோம். மாலை ஐந்து மணி இருக்கும். இவர் எழுந்து நின்றார்.

"மச்சான் போயிட்டாவ."

"குமிழி வருதே" என்றேன்.

"இழுத்துட்டாவ."

அண்ணன் முகத்தைப் பார்த்தேன். குமிழிகள் வந்துகொண்டேயிருந்தன.

மருத்துவர்களுக்கும், இரவுபகல் பாராது கவனித்த செவிலியர்களுக்கும், மில்லர்புரம் வீட்டுக்கு வந்து எங்களோடு அழுத மாணவர்களுக்கும், பூசை வைத்த பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி. புத்தகம் அந்த அரைப் பக்கத்தோடு அப்படியே அச்சாகிறது.

இவர் கையிலிருந்து கயிற்றை வாங்க முடியவில்லை. நடுவில் அறுத்துத்தான் அண்ணனை அடக்கம் செய்தோம். மீதியை இப்போதும் மாலையில் கையில் சுற்றிக்கொண்டுதான் உட்காருகிறார். சில நாள் அது விறைத்து நிற்பதைப் பார்க்கிறேன். நானும் யார் என்று கேட்பதில்லை.