நாற்பத்தொரு திருத்தங்கள்

ஒடெல்லா பெட்வே பகலில் ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். மற்ற நேரத்தில் இசைத்தாள் படியெடுத்தாள். சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பர்கள் யார் இசை எழுதினாலும், அதை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் பிரித்து எழுதித் தருவது அவள்தான். பதினோரு வருஷத்தில் ஒரு புள்ளிகூட இடம் மாறியதில்லை. அந்த விஷயத்தில் அவளுக்குத் தலைக்கனம் உண்டு. இருக்க வேண்டியதுதான்.

1934இல், அவளுடைய சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் லூஷியஸ் டாலிவர் எழுதிய சிம்பொனியை ஒரு பெரிய வெள்ளைக்கார இசைக்குழு வாசிக்க ஒப்புக்கொண்டது. வியாழக்கிழமை ஒத்திகையில் இசைக்குழு நடத்துநர் பாதியில் கையை நிறுத்தினார்.

"இந்த ஸ்வரம் அரைப்படி இறங்கியிருக்கே. படியெடுத்தவங்க தப்புதானே?"

சர்ச்சில் எல்லோரும் அந்த ஸ்வரத்தை இறக்கித்தான் பாடுவார்கள். டாலிவர் வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருந்தார். ஆனால் கிடைத்த வாய்ப்பு கைநழுவிவிடுமோ என்று பயந்து தலையை ஆட்டிவிட்டார். உடனே பென்சில்கள் வெளியே வந்தன. மொத்தம் நாற்பத்தொரு இடத்தில் திருத்தினார்கள்.

"அடுத்த தடவை நல்ல ஆளா பாத்து எழுதச் சொல்லுங்க" என்றார் நடத்துநர். அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்து ஒடெல்லா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், சாட்சி சொல்லும் நேரத்தில் டாலிவர் எழுந்தார். "சிஸ்டர் பெட்வே மேல பொய்ப்பழி போட்டுட்டேன். கர்த்தர் என்னை மன்னிக்கணும்" என்று அழுதார். சபை முழுக்க "ஆமென்!" என்றது. அங்கே வழக்கம் அப்படி. எழுந்து நின்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. எல்லோரும் கோழி வறுவல் சாப்பிடப் போகலாம்.

ஒடெல்லா எழுந்தாள். "பிரதர் டாலிவர், கர்த்தருக்கு இது வியாழக்கிழமையே தெரியும். தெரியாத மனுஷர் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"சொன்னா வாசிக்க மாட்டோம்னுடுவாங்க, சிஸ்டர்."

"வாசிக்க வேண்டாம். அவங்க திருத்தி வாசிக்கிறது உங்க சிம்பொனியும் இல்ல, என் எழுத்தும் இல்ல."

இதற்கு யாரும் ஆமென் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் டாலிவர் தொப்பியைப் பிசைந்தபடி மேடையேறினார். "அந்த ஸ்வரம் நான் எழுதினதுதான். படியெடுத்தவங்க தப்பு பண்ணல. நான் பொய் சொன்னேன்."

நடத்துநர் அந்த ஸ்வரத்தை எழுதியிருந்தபடியே இறக்கி வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"பென்சில் குறியை அழிச்சிடுங்க" என்றார்.

எல்லோரும் ரப்பரைத் தேடினார்கள். ஒடெல்லா பின்வரிசையிலிருந்து நேரே மேடைக்கு வந்தாள்.

"யாரும் தாளைத் தொடாதீங்க. கிழிச்சிடுவீங்க."

நாற்பத்தொரு இடத்தையும் அவளே அழித்து முடிக்கும்வரை, அந்தப் பெரிய இசைக்குழு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது.