காமிரா இருந்த பக்கம்

என் தம்பி பைக் பந்தயம் ஓடியவன் என்று சொன்னால், வளைவில் முட்டி தரையைத் தொடும்படி சாய்ந்து ஓட்டுகிற பந்தயத்தைத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவன் ஓடியது டிராக் ரேஸ். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் நேராகக் கால் மைல் போக வேண்டும், அவ்வளவுதான். திருப்பம் கிடையாது, அடுத்த சுற்று கிடையாது. பார்க்க வந்தவர் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்வதற்குள் பந்தயம் முடிந்திருக்கும். இதற்கு எந்தக் கம்பெனி விளம்பரம் கொடுக்கும், எந்த டிவிக்காரன் படம் எடுக்க வருவான்? இந்தக் கேள்வியோடு தொண்ணூறுகளில் நான் நாலு வருஷம் மாரடித்தேன்.

நான் அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன். வெளிநாட்டுக்குப் போகும் கடிதம், இன்வாய்ஸ் எல்லாம் என் கையால்தான் டைப் ஆகும். தம்பி கொஞ்ச தூரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் மெக்கானிக். தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய மர டிரம் நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற நேரமெல்லாம் ஒரு பழைய நூறு சிசி வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்பா இல்லை. அம்மா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை செய்தார்கள், தினமும் காட்பாடி வரை ரயிலேறி, அங்கிருந்து பஸ்ஸில் போய்வருவார்கள். பந்தயத்தின் மேல் அம்மாவுக்கு ஒரே ஒரு கோபம், அது ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது என்பதுதான். "ஊரே ஆராதனையில இருக்கும்போது இவன் ஆக்சிலேட்டர முறுக்கினு இருக்கான்" என்பார்கள்.

பந்தயம் சென்னையைத் தாண்டி ஒரு பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும். வண்டியை அங்கே கொண்டுபோக எங்களுக்கு ஏது வசதி? சென்னைக்குத் தோல் ஏற்றிப் போகிற லாரியில், கட்டுகளுக்கு நடுவே கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போவான். இறங்கும்போது அவனும் வண்டியும் சேர்ந்து நாறுவார்கள். பெங்களூர், கோயம்புத்தூர் பையன்கள் அவனுக்குத் 'தோல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவனுக்கு ரோஷமே வராது. "வாசன கம்மியா இருக்குது, இன்னிக்கி லாரியில லோடு ஜாஸ்தி இல்ல" என்று சொல்லிச் சிரிப்பான். சிரித்தபடியே அவர்களுடைய விலையுயர்ந்த வண்டிகளை ஒவ்வொன்றாகத் தோற்கடிப்பான். ஆனால் ஜெயித்தவர்கள் மறுபடி மோதுகிற இரண்டாவது, மூன்றாவது ரவுண்டில் டயர் தேய்ந்துபோகும், பிஸ்டன் உருகிப்போகும். மாற்றிப் போட வேறு இருக்காது. வாய்விட்டுச் சொல்லமாட்டான். திரும்பி வரும் லாரியில் தூங்கிக்கொண்டே வருவான்.

எனக்கு என் ஆங்கிலத்தின் மேல் கர்வம் உண்டு. எண்ணெய்க் கம்பெனி, டயர் கம்பெனி, பேட்டரி கம்பெனி என்று ஒன்று விடாமல் எழுதினேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. பதில் போட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: எந்த சேனலில் வரும், எத்தனை நிமிடம்? சரியென்று டிவிக்காரர்களுக்கு எழுதினால் அவர்கள் ஸ்பான்சர் யார் என்று கேட்டார்கள். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் 'நீங்க மொதல்ல சொல்லுங்க, நீங்க மொதல்ல சொல்லுங்க' என்று உட்கார்ந்திருந்தால் கல்யாணம் எப்படி நடக்கும்? ஒருமுறை நேரிலேயே சென்னைக்குப் போனேன். டயர் கம்பெனியில் ஒரு அதிகாரி டீ கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார். "கிரிக்கெட்ல ஒருத்தர் பந்தத் தேச்சுக்கிட்டே நடந்து போற நேரத்துல உங்க தம்பி ரேஸ் முடிஞ்சிடும்மா. அதுக்குள்ள எங்க பேர யார் படிக்கப் போறாங்க?" என்றார். வெளியே வந்து பஸ் ஏறுகிற வரைக்கும் அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதால்தான் அவ்வளவு ஆத்திரம்.

கடைசியில் கை கொடுத்தவர் எங்கள் முதலாளிதான். அவருக்கு வெகுநாளாக ஒரு மனக்குறை. எங்கள் கம்பெனியில் தைக்கிற ஷூ எல்லாம் வெளிநாட்டுக்காரன் பெயரைப் போட்டுக்கொண்டு கப்பலேறிவிடும். உள்ளே ஒரு மூலையில்கூட எங்கள் ஊர்ப் பெயர் இருக்காது. தன்னுடைய அப்பாவின் பெயரில் ஒரு ஷூ போட்டு, இங்கேயே கடைகளில் விற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தம்பியைப் பற்றி நான் பயந்து பயந்து சொன்னபோது அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "பைக் ஓட்ற பசங்கதாம்மா ஷூ வாங்குவாங்க. நான் பண்றேன். ஆனா ஒரு தடவையாவது எங்கப்பா பேரு டிவியில தெளிவாத் தெரியணும். தெரிஞ்சிச்சின்னா வருஷா வருஷம் ஒன் தம்பிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் கனவு மாதிரி இருந்தது. புது டயர் வந்தது, உதிரி பிஸ்டன் வந்தது. சாம்பிள் ரூமில் தையல் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து அவனுக்கு அளவெடுத்து, கறுப்புத் தோலில் முழு உடை தைத்தார்கள். மார்பிலும் முதுகிலும் இரண்டு கைகளிலும் வெள்ளைத் தோலில் பெயரை வெட்டி ஒட்டித் தைத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவன் சாம்பிள் ரூமில் நின்றபோது, வெட்கத்தில் அவனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த ஞாயிறு ஒரு சேனலிலிருந்து படம் எடுக்க வருவதாகவும் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸில் ஒருவரை விடவில்லை. பியூனிலிருந்து மேனேஜர் வரைக்கும், சரக்கைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரரிடம்கூட, என் தம்பி டிவியில் வரப்போகிறான் என்று சொல்லிவைத்தேன்.

டிவி என்றால் நான் பெரிதாக எதையோ நினைத்திருந்தேன். வந்தது ஒரு வேன், ஒரு காமிரா, இரண்டு ஆட்கள். ஓடுதளத்தின் வலப்பக்கத்தில் ஜெனரேட்டர் இருந்ததால் அங்கேயே குடையை விரித்துக் காமிராவை வைத்துவிட்டார்கள். தம்பி முதல் மூன்று ரவுண்டும் இடப்பக்க லேனில் ஓடி ஜெயித்தான். யாருடைய நேரம் குறைவோ அவர்தான் எந்த லேன் என்று முடிவு செய்யலாம், அதுதான் சட்டம். அன்றைக்கு அவனுடைய நேரத்தை யாராலும் தொட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் இடப்பக்கத்தையே கேட்டு வாங்கினான்.

அரையிறுதிக்கு முன்னால் நான் காமிராக்காரரிடம் போய், எடுத்ததைக் கொஞ்சம் காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். சின்னத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தால் என் தம்பியைக் காணோம். வலப்பக்கத்து வண்டிதான் படம் முழுக்க ஓடுகிறது. அதற்குப் பின்னால் அவனுடைய ஹெல்மெட்டின் உச்சி மட்டும் எட்டிப் பார்த்தது. மூன்று ரவுண்டிலும் அப்படித்தான். பெயரில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. "சார், காமிராவ அந்தப் பக்கம் வெக்க முடியுமா?" என்றேன். "வயர் எட்டாது மேடம்" என்றார் அவர், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நான் தம்பியிடம் ஓடினேன். அவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். "டேய், இந்த ஒரு ரவுண்டு மட்டும் ரைட் சைடு கேளுடா. அங்கதான் காமிரா இருக்குது. நீ இந்தாண்ட ஓடினா ஒன்னுமே தெரியல" என்றேன். அவன் பாட்டிலை மூடிவிட்டு ஓடுதளத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். "சரிக்கா. பேரு வரட்டும்" என்றான். நான் சந்தோஷமாகத் திரும்பிக் காமிரா பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன்.

பச்சை விளக்கு விழுந்ததும் நன்றாகத்தான் கிளம்பினான். ஒரு வண்டி நீளம் முன்னால் இருந்தான். எனக்கு நேரே வரும்போது பின் சக்கரம் பக்கவாட்டில் விலகியது. ஒருமுறை நேராக்கினான், மறுபடி விலகியது. அப்புறம் வண்டி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகத் தரையில் இழுபட்டுக்கொண்டு போனார்கள். வண்டியும் அவனும் உரசிக்கொண்டு போன சத்தம் இப்போது எழுதும்போதும் எனக்குக் கேட்கிறது. காமிராக்காரர் அவனை விடாமல் கடைசிவரை படம் பிடித்தார். அவன் மல்லாந்து கிடந்தான். மார்பில் அந்தப் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

வலது முட்டியும் தொடை எலும்பும் போய்விட்டன. சென்னையில் முதல் சிகிச்சை முடிந்ததும் அம்மா வேலை செய்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தோம். அம்மா யூனிஃபார்மோடு வந்து, மற்ற நோயாளிகளுக்குச் செய்வது போலவே அவனுக்கும் துடைத்துவிட்டு, படுக்கை விரிப்பை மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முதலாளி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "பேரு கெடக்குதும்மா. பையன் நடந்தாப் போதும்" என்றார். வெட்டியெடுத்த தோல் உடையை நான் ஆபீஸுக்குத் திருப்பிக் கொண்டுபோனபோது தையல் பெண்கள் சுற்றி நின்றார்கள். அதில் வயதில் பெரியவர், "தையல் பிரிஞ்சிட்டுதாம்மா?" என்று பயந்துபோய்க் கேட்டார். ஒரு தையல்கூடப் பிரியவில்லை, டாக்டர்கள்தான் கத்தரிக்கோலால் வெட்டினார்கள் என்று சொன்னேன். அவர் அழுதுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அந்த நிகழ்ச்சி டிவியில் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் உட்கார்ந்து பார்த்தேன். அரைமணி நேரத்தில் முக்கால்வாசி கார்தான். டிராக் ரேஸ் என்று எதையோ கண்ணை மூடித் திறப்பதற்குள் காட்டிவிட்டுப் போனார்கள். என் தம்பி எங்கேயும் இல்லை. மறுநாள் ஆபீஸில் ஒவ்வொருவராக வந்து, "இன்னா, ஒங்க தம்பியக் காணோமே?" என்று கேட்டார்கள். சேனலுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அங்கிருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், கீழ விழறதக் காட்டினா ஸ்பான்சருங்க கோவிச்சுக்குவாங்க. அதான் எடுத்துட்டோம்."

முதலாளியின் அப்பா பெயரில் ஷூ வரவேயில்லை. கம்பெனி பழையபடி வேறு ஊர்ப் பெயர்களைத் தைத்துக்கொண்டே இருந்தது. தம்பிக்கு முட்டி மடங்கவில்லை. டிரம்மின் அடியில் குனிந்து வேலை செய்ய முடியாததால் அவனை எங்கள் கம்பெனியிலேயே ஸ்டோரில் உட்கார வைத்தார் முதலாளி. ஊசி, நூல், பசை எடுத்துக்கொடுக்கும் வேலை. வண்டியை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். அவனுக்குக் கல்யாணமும் ஆனது. அவன் மனைவிக்கு அவன் வண்டியிலிருந்து விழுந்தான் என்பது மட்டும்தான் தெரியும். பந்தயத்தைப் பற்றி அவனும் பேசமாட்டான், நாங்களும் பேசமாட்டோம்.

பல வருஷங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்கள் வழுக்கி விழுவது, கல்யாணப் பந்தல் சரிவது, குதிரை ஆளைத் தள்ளுவது என்று வரிசையாகக் காட்டி, பின்னால் சிரிப்புச் சத்தம் போடுகிற நிகழ்ச்சி. கறுப்பு உடையில் ஒருவன் பைக்கிலிருந்து விழுந்து தரையில் இழுபட்டுக்கொண்டு போனான். அதற்கு ஒரு 'டொய்ங்' சத்தம். திரும்பவும் மெதுவாகக் காட்டினார்கள். மார்பிலிருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கலாம் போல அவ்வளவு மெதுவாக. மூன்றாவது தடவை பின்னோக்கி ஓடவிட்டு அவனை எழுப்பி வண்டியில் உட்காரவைத்து, மறுபடி விழவைத்தார்கள். தம்பி மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை, அவள் என்ன செய்வாள்? "அய்யோ, எப்படிப் போறான் பாருங்க" என்று அவன் தோளைத் தட்டினாள். அவனும் சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "நான்தான்டா ஒன்ன அந்தப் பக்கம் போகச் சொன்னேன்."

அவன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த லேன்ல ஆயில் இருந்திச்சிக்கா. காலையில ஒரு காரு கொட்டிட்டுப் போச்சி, மேல மண்ணு போட்டுப் பெருக்கி வெச்சிருந்தானுங்க. நடந்து பாத்தப்பவே காலு வழுக்குச்சி."

"தெரிஞ்சுமா போன? ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ நாலு வருஷம் லெட்டர் போட்டியேக்கா" என்றான்.

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வயரை அறுத்தாவது காமிராவை இந்தப் பக்கம் தூக்கி வந்திருப்பேன். இல்லையென்றால் பெயரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இறங்கு என்று சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன். அவன் சொல்லவில்லை. ஆனால் அவன் ஓடுதளத்தையே அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னடா பார்க்கிறாய் என்று நான் கேட்கவும் இல்லை.