பெற்றோல் பம்பும் பைக்குள் வைத்த கைகளும்

எங்கள் வீட்டு கராஜுக்குள் கார் நின்று பதினொரு வருடமாகிறது. கார் வெளியே மழையில் நனைகிறது. உள்ளே மூன்று பழைய பெற்றோல் பம்புகளும் பதினாறு எனாமல் விளம்பரப் பலகைகளும் சொகுசாக இருக்கின்றன. அவற்றிடம் வாடகை வாங்கினாலே வீட்டு மோட்கேஜ் கடனைக் கட்டி முடித்துவிடலாம் என்பார் என் கணவர். உங்களுடைய கிரிக்கெட் மட்டைகளிடமும் சேர்த்து வாங்குங்கள் என்பேன் நான்.

இந்தப் பைத்தியம் பிடித்தது, நாங்கள் குடியேறிய இந்த நகரத்தின் நியூ லின் பகுதியில். என் பாமசிப் படிப்பை இந்த நாடு ஒப்புக்கொள்ளும்வரை இரண்டு வருடம் அங்கே ஒரு பெற்றோல் செட்டில் காசு வாங்கும் வேலை பார்த்தேன். பிறகு அந்தச் செட்டை இடித்தார்கள். குப்பைக்குப் போகவிருந்த ஒரு பம்பின் முகத்தட்டை, இலக்கங்கள் உருளுமே அதை, முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு கிழமை போனது. அதன் பிறகு ஏலங்களுக்குப் போகத் தொடங்கினேன்.

ஏலங்களில்தான் என் கூட்டாளிகள் கிடைத்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக், வெள்ளைக்காரர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். இன்னொருவர் இடிபட்ட கார்களை நிமிர்த்தும் டிங்கர், டோங்கா நாட்டவர். கடைசியாக வந்து சேர்ந்தவர் தமிழ்நாட்டுத் தம்பி, கம்ப்யூட்டர் வேலை. நான் செட் என்பதை அவர் பங்க் என்பார். பம்புகளில் ஆசை மட்டும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான்.

மெக்கானிக் வைத்த விதி ஒன்று எங்களுக்கு உண்டு. ஏலம் தொடங்குமுன் கோப்பிக் கோப்பையோடு தெருவோரம் கூடுவோம். எது யாருக்கு என்று அங்கேயே பேசி முடிப்போம். நல்ல சாமான் என்றால் முறை வைத்துத்தான். பிறகு உள்ளே போனால் முறைக்காரர் மட்டுமே கை தூக்குவார். மற்றவர்கள் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்போம். நண்பர்கள் ஒருவரோடொருவர் மோதி விலையை ஏற்றுவது மடத்தனம் என்பார் மெக்கானிக். இது சட்டத்துக்கு ஒத்துவராது என்று என் கணவர் ஒருமுறை சொன்னார். எப்போது வக்கீலுக்குப் படித்தீர்கள் என்று கேட்டு வாயை அடைத்தேன்.

ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிழவியின் வீட்டு ஏலத்தில் அந்த விதியால் எனக்கு வாய்த்ததுதான் ‘காற்று இலவசம்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய நீலப் பலகை. கிழவியின் கணவர் நடத்திய கார் வேர்க்ஷொப்பின் வாசலில் தொங்கியது அது. அன்று மூன்று பேரும் கையைப் பைக்குள் வைத்து நிற்க, இரண்டு நல்ல சாப்பாட்டுக்கு ஆகும் விலையில் அது என் கைக்கு வந்தது. போகும்போது கிழவி தன் மரத்துப் பீஜோவாப் பழங்களை ஒரு பையில் போட்டுத் தந்தார். கொய்யாவுக்குத் தங்கச்சி முறையான பழம். ருசித்துச் சாப்பிட்டோம். பலகை வாங்கிய கதையைப் பல வருடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

போன வருடம் மெக்கானிக் இறந்துபோனார். அவருடைய ஷெட்டில் இருந்ததையெல்லாம் மனைவி ஏலத்துக்கு விட்டார். நியூ லின்னில் இருந்த அவர்கள் வீட்டின் பின்வளவிலேயே ஏலம். நாங்கள் மூவரும் வழக்கம்போலத் தெருவோரம் கூடினோம். அவர் வைத்த விதியை அன்றைக்காவது ஒழுங்காகக் காப்பதே மரியாதை என்று டிங்கர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. கையால் சுழற்றும் பம்ப், தலையில் கண்ணாடி உருண்டை வைத்தது, தம்பிக்கு என்று முடிவாயிற்று. இரண்டு வருடமாக முறைக்குக் காத்திருந்தவர் அவர்.

ஏலம் தொடங்குமுன் குசினியில் மெக்கானிக்கின் மனைவி எனக்குத் தேத்தண்ணி தந்தார். இடுப்பு ஒப்பரேஷனுக்குப் பிறகு அவரால் குளியல்தொட்டிக்குள் கால் தூக்கி வைக்க முடியவில்லை. பிரிஸ்பேனில் இருக்கும் மகன் முதியோர் இல்லத்துக்குப் போகச் சொல்கிறானாம். இன்றைக்குக் கிடைக்கும் காசில் குளியலறையை இடித்துக் கட்ட முடிந்தால் இந்த வீட்டிலேயே இருந்துவிடலாம், முடியாவிட்டால் போகவேண்டியதுதான் என்றார். முறைப்பாடு போல அல்ல, மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னார்.

நான் வெளியே வரும்போது ஏலம் தொடங்கிவிட்டது. மழையும்தான். வந்த சனம் பாதி காருக்குள் ஏறிவிட்டது. நின்றவர்கள் சில்லறைச் சாமானுக்கு வந்தவர்கள். பெரிய சாமான்களின் பெறுமதி தெரிந்தவர்கள் அங்கே நாங்கள் மூன்று பேர்தான். எண்ணெய்த் தகரங்களுக்கு டிங்கர் கை தூக்கினார். எங்கள் கைகள் பைக்குள். சுத்தியல் விழுந்தது. அடுத்து இரண்டு பலகைகளும் அவருக்கே, அதே கதை. குசினி ஜன்னலில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். புருஷன் ஐம்பது வருடம் சேர்த்தது இவ்வளவுதானா என்று கேட்கிற முகம். மனுஷன் வைத்த விதியைக் கொண்டு அவருடைய பெண்சாதியின் வீட்டையே பறிக்கிறோம்.

பம்பைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தம்பி கை தூக்கினார். மழைக்கு ஒதுங்கியிருந்த ஒருவர் ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். தம்பி மறுபடி தூக்கினார். சுத்தியல் விழப் போனது. நான் கையைப் பைக்குள்ளிருந்து எடுத்துத் தூக்கினேன்.

தம்பி திரும்பி என்னைப் பார்த்தார். அவர் விடாமல் கேட்பார், நான் ஏற்றிக்கொண்டே போகலாம் என்பது என் கணக்கு. அவரோ கையைக் கீழே இறக்கி, மெதுவாகக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். சுத்தியல் விழுந்தது. பம்ப் எனக்கு, அடிமாட்டு விலைக்கு.

கிட்டப் போனேன். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

“உங்களுக்கு வேணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன் அக்கா,” என்றார்.

“எனக்கு உது வேண்டாம் தம்பி. நீர் விடாமல் கேட்டிருக்க வேணும்.”

இருவரையும் எலுமிச்சை மரத்தடிக்கு இழுத்துப்போய்க் குளியலறைக் கதையை ஒரே மூச்சில் சொன்னேன். டிங்கர், தான் வாங்கிய சாமான்களுக்கு உண்மையான விலையை இப்போதே அந்த அம்மாவிடம் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஏலக்காரரிடம் போய், தவறிக் கை தூக்கிவிட்டேன், பம்பைத் திரும்ப ஏலத்துக்கு விடுங்கள் என்றேன். இது விளையாட்டு மைதானமில்லை என்று அந்த மனுஷன் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கிழித்தார். வேறு நாளாக இருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு, பம்பைக் கடைசிச் சாமானாக மறுபடி ஏலத்துக்கு விடுகிறேன் என்றார்.

மிச்சச் சாமான்களுக்கு மூவரும் மோதினோம். உண்மையாகவே மோதினோம். கேட்டது விழுந்தால் காசைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமே. எனக்கு வேண்டவே வேண்டாத ஒரு பச்சைப் பலகை நல்ல விலைக்கு என் தலையில் விழுந்தது. கடைசியாகப் பம்ப் வந்தபோது தம்பியும் டிங்கரும் மாறி மாறித் தூக்கினார்கள். முதல் விழுந்த விலையைப் போல ஏழு மடங்கில் அது அவருக்கு விழுந்தது.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மாவைப் பார்க்கப் போனபோது முதல் வேலையாகக் குளியலறையைத்தான் காட்டினார். தொட்டி இல்லை, படி இல்லை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. மகன் வந்து பார்த்துவிட்டு முதியோர் இல்லப் பேச்சை விட்டுவிட்டானாம்.

அதே கிழமை தம்பி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இன்னும் என்னில் கோபமா என்று கேட்டேன். “இருந்துச்சு அக்கா. இப்ப இல்ல. அத எப்படி வாங்கினேன்னு யார் கேட்டாலும் முழுசா சொல்ல முடியும்ல,” என்றார்.

அவர் போன பிறகு, அன்று நடந்ததை நான் என் கணவருக்கு இன்னொருமுறை நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கோப்பையைக் கழுவியபடி கேட்டார்.

“அப்ப அந்தப் பீஜோவா தந்த மனுசிக்கு ஆர் கை தூக்கினது?”

மெக்கானிக்கின் மனைவியை எங்களுக்குத் தெரியும், அதனால் எங்கள் கைகள் வெளியே வந்தன. தெரியாதவர்களின் ஷெட்டுகளில் எத்தனை வருடம் சந்தோஷமாகக் கையைப் பைக்குள் வைத்து நின்றிருக்கிறோம்.

அடுத்த சனிக்கிழமை நீலப் பலகையைக் காரின் பின்சீற்றில் வைத்துக்கொண்டு ஈஸ்ட் டாமாக்கிக்குப் போனேன். சுற்றிவரக் கிடங்குகள் வந்துவிட்டன. வீடு அப்படியே இருந்தது. கிழவிதான் கதவைத் திறந்தார். என்னை உடனே அடையாளம் கண்டு உள்ளே வரச் சொன்னார். வாசல் கூடையில் இருந்த பீஜோவாப் பழங்களைப் பையில் போட்டபடி அங்கேயே நின்று பேசினார். அன்றைய ஏலத்தை அடிக்கடி நினைப்பாராம். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக நின்ற எனக்கு எதிராக ஒருவர்கூடக் கை தூக்காமல் விட்டுக்கொடுத்தார்களே, இந்தக் காலத்திலும் இப்படி நல்ல மனுஷர் இருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டாராம். விலை குறைந்த துக்கம்கூட அதில் போய்விட்டதாம்.

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். மனம் கேட்கவில்லை. எங்கள் விதியைச் சொன்னேன், யார் யார் ஏன் கையைப் பைக்குள் வைத்திருந்தார்கள் என்பதையும் சொன்னேன். பலகை காரில் இருக்கிறது, அதையோ அதற்குரிய காசையோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இரண்டும் வேண்டாம் என்றார். பழப்பையைக் கையில் தந்தார். உள்ளே வா என்று முதலில் சொன்னதை அவர் திரும்பச் சொல்லவில்லை. நான் படியிறங்கிக் காருக்குப் போனேன்.