சலூன் கதவில் மூன்றாம் வார்டு அறிவிப்பு

நகரமன்ற அலுவலகத்தில் அவருடைய பதவிக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் நோட்டீஸ்காரர். தேர்தல் தேதி, வரி உயர்வு, தண்ணீர் நிறுத்தம், எதுவானாலும் அவர் கையால் சுவரேறினால்தான் சட்டப்படி ஊருக்குத் தெரிந்ததாக அர்த்தம். உண்மையிலேயே யாருக்காவது தெரிந்ததா என்று சட்டம் கேட்கவில்லை. அவரும் கேட்டதில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் காலை பத்து மணிக்குத்தான் ஒட்டப் போவார். போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. கோணலாக இருக்கிறது என்பார் ஒருவர். இன்னும் கொஞ்சம் மேலே என்பார் இன்னொருவர். ஒரு பெரியவர் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, வரியைப் போட்டதே இவர்தான் என்பதுபோல அரை மணி நேரம் சண்டை பிடித்தார். மறுநாளிலிருந்து நோட்டீஸ்காரர் விடியற்காலை ஐந்தரைக்கு மாறிவிட்டார். அந்த நேரத்தில் தெருவில் நாய்கள்தான் இருக்கும். அவற்றுக்கு அபிப்பிராயம் கிடையாது. ஒட்டுவது மட்டுமல்ல, ஒட்டியது இருக்கிறதா என்று தினமும் சுற்றிப் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பதும் அதே ஐந்தரைக்குத்தான். இருபத்திரண்டு வருடம் இப்படியே நிம்மதியாகப் போயிற்று.

பசை அவரே காய்ச்சுவார். மைதா மாவோடு, தச்சர்கள் மரம் ஒட்டும் வச்சிரத்தையும் கொஞ்சம் சேர்ப்பார். அவர் ஒட்டியதைப் பிரிக்க வேண்டுமென்றால் சுவரையும் சேர்த்துத்தான் பிரிக்க வேண்டும். வாழ்க்கையில் அவர் வாய்விட்டுப் பெருமைப்பட்டது அந்தப் பசையைப் பற்றி மட்டும்தான்.

அவர் வீட்டுப் பின்பக்கத்தில் கால்வாய். அக்கரையில், மொட்டைமாடி தெரியும் தூரத்தில், தையற்கடை வைத்திருக்கும் தங்கையின் வீடு. நடுவே ஒரு நடைபாலம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதில் இரண்டு பலகை உளுத்துப்போனதால் நகரமன்றம் இருபுறமும் பூட்டுப் போட்டு, ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்று பலகை மாட்டியது. மாட்டியவர் நோட்டீஸ்காரர்தான். அதன் பிறகு அண்ணன் வீட்டுக்கு வரத் தங்கை மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அல்லது வேனுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டும் முடியாத நாட்களில் மாடியில் நின்று கத்துவாள்.

“அண்ணா, சாப்பிட்டியா?”

“ஆச்சு.”

“என்ன சாப்பிட்டே?”

அவர் பதில் சொல்வதற்குள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது, “ஒண்ணும் சாப்பிடலைங்க, அடுப்பே எரியலை” என்று சொல்லிவிடுவார்கள். அண்ணன் தங்கை பேச்சில் ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

அவர் மனைவி போன அன்று தங்கை கிளம்பி வேன் நிறுத்தத்துக்கு ஓடினாள். வேன் வர நாற்பது நிமிடம். அவள் வந்தபோது வீட்டில் எல்லோரும் அழுது முடித்து உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பற்றி இருவரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. ஆனால் அடுத்த மாதமே தங்கை ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். ரவிக்கை அளவெடுக்க வந்தவர்களைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அளவெடுத்தாள். ஒன்றரை வருடத்தில் வேண்டிய கையெழுத்துகள் சேர்ந்தன. வரும் தேர்தலில் வாக்குச்சீட்டின் அடியில் ஒரு கேள்வி அச்சாகும்: ‘நடைபாலத்தைப் பழுதுபார்த்துத் திறக்கலாமா? ஆம், இல்லை.’

அதற்கு ஒரு சட்டம் உண்டு. கேள்வியை வார்டுக்கு ஒன்றாக ஐந்து இடங்களில் ஒட்ட வேண்டும். மேலிடத்து முத்திரையும் எண்ணும் போட்ட தாள்கள் ஐந்தே ஐந்து வரும். பகல் முழுதும் பொதுமக்கள் பார்வையில் தொடர்ந்து பத்து நாள் இருக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் வாக்குப்பதிவுக்கு முப்பது நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒட்டியவர் அதற்கு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஓர் இடத்தில் ஒரு நாள் தவறினாலும் கேள்வி வாக்குச்சீட்டிலிருந்து போய்விடும். மறுபடி கேட்க இரண்டு வருடம் ஆகும்.

தங்கையின் கேள்வி என்பதால் நோட்டீஸ்காரர் கூடுதல் கவனமாக இருந்தார். ஒட்ட வேண்டிய கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே ஒட்டினார். பசையில் வச்சிரமும் ஒரு கை கூடுதல்.

மூன்றாம் வார்டில் எப்போதும் சலூனின் முன்சுவரில்தான் ஒட்டுவார். இந்தத் தடவை ஒட்டுவதற்கு முந்தின நாளே சலூன்காரர் பிடித்துக்கொண்டார். “சுவருக்கு இப்பத்தான் பெயின்ட் அடிச்சேன். உங்க பசை என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். தயவுசெஞ்சு கதவுல ஒட்டுங்க.” நோட்டீஸ்காரருக்கும் நியாயமாகத்தான் பட்டது. விடியற்காலை போய், மூடியிருந்த கதவின் நட்டநடுவில், கண்மட்டத்தில், சுருக்கமில்லாமல் ஒட்டினார். மறுநாள் ஐந்தரைக்குப் பார்த்தார். இருந்தது. மூன்றாம் நாளும் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வேன்காரர் அலுவலகத்துக்கு வந்தார். அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடும் ஒரே வேன் அவருடையது. மேசைமேல் செல்போனை வைத்தார்.

“அண்ணே, இது சலூன்தானே?”

“ஆமா.”

“நோட்டீஸ் எங்கே?”

நோட்டீஸ்காரர் படத்தைப் பார்த்தார். சலூன் திறந்திருந்தது. உள்ளே ஒருவர் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தார். கதவு வெளிப்பக்கமாகத் திறந்து முன்சுவரோடு ஒட்டி நின்றது. நோட்டீஸ் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது.

“காலையில எட்டு மணிக்குத் தொறந்து ராத்திரி ஒன்பதுக்குத்தான் சாத்துறாரு” என்றார் வேன்காரர். “உங்க நோட்டீஸைப் படிக்கணும்னா ஊரு டார்ச் எடுத்துட்டு வரணும். எனக்கு உங்க மேல கோபம் ஒண்ணும் இல்லண்ணே. ஆனா பாலம் வந்தா என் வேன்ல யாரு ஏறுவா? நான் ஆட்சேபணை எழுதித்தான் ஆகணும்.”

நோட்டீஸ்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கதவு திறந்திருந்து அவர் பார்த்ததே இல்லை. முடி வெட்டிக்கொள்ளவும் அங்கே போனதில்லை. மனைவி இருந்தவரை அவளே வீட்டில் வெட்டிவிடுவாள். பிறகு அவர் வெட்டிக்கொள்ளவே இல்லை. தோளில் புரண்ட முடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார்.

செய்தி கால்வாயைத் தாண்ட அதிக நேரம் ஆகவில்லை. சாயங்காலம் தங்கை மூன்று கிலோமீட்டரும் நடந்தே வந்து நின்றாள்.

“அந்த உறுதிமொழித் தாள்ல என்ன எழுதணும், சொல்லு.”

“தினமும் பார்த்தேன்னு எழுதணும்.”

“பார்த்தியா, இல்லையா?”

“பார்த்தேன்.”

“அப்ப எழுது.”

“நான் பார்த்தேன். வேற யாரும் பார்க்கலையே.”

“ஊரே என்னைக்குப் பார்த்திருக்கு? நீ ஒட்டுனதை நானே ஒண்ணுகூடப் படிச்சதில்ல.” அவள் கால்வாய்ப் பக்கம் கையைக் காட்டினாள். “ஒன்பது வருஷம்ணா.”

அவர் காலண்டரில் விரல் வைத்து எண்ணினார். பிறகு, “நாளையிலேர்ந்து எண்ணினா சரியா பத்து நாள் இருக்கு. அதுல ஒரு நாள் போனாலும் போச்சு” என்றார்.

புதுத் தாள் கேட்டால் வர இரண்டு வாரம். ஒட்டியதை உரிக்க முடியாது. அவர் பசையாயிற்றே. கதவைச் சாத்தியே வைத்தால் என்ன என்று சலூன்காரரைக் கேட்டார்கள்.

“சாத்திட்டு? கஸ்டமரு ஜன்னல் வழியா தலையை மட்டும் நீட்டணுமா?”

“பின்கதவு?”

“இருந்தா, என் வீட்டுக்காரம்மா வாசல்ல வந்து நிக்கும்போதெல்லாம் அந்த வழியா ஓடியிருக்க மாட்டேனா?”

கடைசியில் தங்கைதான் சொன்னாள்: “கதவைக் கழட்டிடுங்க.”

மறுநாள் விடிவதற்குள் தச்சர் வந்து கீல்களைக் கழற்றினார். புதுப் பெயின்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று சலூன்காரர் குறுக்கே நின்றதால், கதவைக் கடை முகப்பிலேயே இரண்டு செங்கல்மேல் நிறுத்தி, ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டினார்கள். கதவிருந்த இடத்தில் ஒரு பழைய போர்வை தொங்கியது. கத்தி, கத்தரி, ரேடியோ எல்லாம் தினமும் சலூன்காரரோடு பையில் வீடு போய் வந்தன. நோட்டீஸ்காரர் மற்ற நான்கு இடத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து, வாசல் பெஞ்சில் பகல் முழுதும் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் வேன்காரரும் வந்தார். எதிர்த்தரப்புக்கு வேறு பெஞ்சு இல்லாததால் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். ஒவ்வொரு நடைக்கும் நடுவில் வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார்.

கதவில் ஒட்டிய தாளை ஊர் திரும்பிப் பார்த்திருக்காது. ஆனால் கழற்றி வெளியே நிறுத்திய கதவைப் பார்க்காமல் யாரால் போக முடியும்?

“என்னங்க, கடையைக் காலி பண்றீங்களா?”

“இல்லைங்க. நோட்டீஸு.”

“என்ன நோட்டீஸு?”

“படிங்க.”

இப்படி ஒரு நாளைக்கு நூறு தடவை. படித்துவிட்டு நின்று பேசினார்கள். கதவை ஏன் இப்படி நிறுத்தினீர்கள், கோணலாக இருக்கிறது என்றார்கள். நோட்டீஸ்காரர் எதற்குப் பயந்து ஐந்தரைக்கு ஓடினாரோ அதெல்லாம் பெஞ்சுக்கே வந்து சேர்ந்தது. ஆச்சரியம் என்னவென்றால், மூன்றாம் நாளுக்குமேல் அவருக்கு அது பழகிவிட்டது. நான்காம் நாள் சலூன்காரர் சீப்போடு வெளியே வந்தார்.

“உள்ளே வாங்க.”

“எதுக்கு?”

“பத்து நாளும் என் கடை வாசல்ல இந்தத் தலையோட உட்கார்ந்திருந்தீங்கன்னா, என் தொழிலைப் பத்தி ஊரு என்ன நினைக்கும்?”

“கதவை யாரு பார்க்கிறது?”

“நான் பார்த்துக்கிறேன், போங்கண்ணே” என்றார் வேன்காரர். சொன்ன பிறகுதான் தான் எந்தக் கட்சி என்று நினைவு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரப்பர் பேண்டை அவிழ்த்தபோது நோட்டீஸ்காரர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சலூன்காரரும் வழக்கமான ஊர்வம்பு எதுவும் பேசாமல் வெட்டி முடித்தார்.

ஏழாம் நாள் காற்று அடித்தது. கயிறு தளர்ந்து கதவு முன்னால் சாய்ந்தது. குப்புற விழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நோட்டீஸ்காரர் எழுந்திருப்பதற்குள் வேன்காரர் பாய்ந்து இரண்டு கையாலும் கதவைத் தாங்கிவிட்டார். விழுகிறதைப் பிடிப்பது கைக்கு வழக்கம். அது யாரையும் கேட்பதில்லை. தச்சர் வந்து கட்டும்வரை பத்து நிமிடம் அவர்தான் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று முழுவதும் தன் கைகளோடு அவர் பேசவில்லை.

பதினோராம் நாள் தேர்தல் அலுவலரிடம் விசாரணை. அலுவலர் சின்ன வயதுப் பெண்மணி. தலைவலி மாத்திரையை மேசைமேலேயே வைத்திருந்தார். தங்கை பின்வரிசையில் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கழட்டி வச்சா அது எப்படிங்க மேடம் கதவாகும்? அது வெறும் பலகை” என்றார் வேன்காரர்.

“சட்டத்துல கதவுன்னு எங்கேயும் இல்லை. கடை முகப்புன்னுதான் இருக்கு. முகப்புலதானே இருந்தது?”

“இருந்தது. ஆனா ஏழாம் நாள் சாஞ்சுது. ஒரு நிமிஷம் எழுத்து தெரியல.”

“அப்புறம்?”

“அப்புறம் நிமிர்த்தியாச்சு.”

“யார் நிமிர்த்தினது?”

வேன்காரர் கூரையைப் பார்த்தார். “நான்தாங்க.”

அலுவலர் மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். “முழுசா விழுந்ததா?”

“நான் இருக்கும்போது எப்படிங்க விழும்?”

அலுவலர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு நோட்டீஸ்காரரின் உறுதிமொழியை எடுத்தார். ஒரு பக்கத்தில் முடிய வேண்டியது மூன்று பக்கம் இருந்தது. முதல் மூன்று நாள் அறிவிப்பு கதவுக்குப் பின்னால் இருந்ததும், தான் ஐந்தரைக்கு மட்டுமே போய்ப் பார்த்ததும், முந்தைய இருபத்திரண்டு வருடமும் அப்படியே செய்ததும் அதில் எழுதியிருந்தது. படிக்கப் படிக்க அலுவலரின் முகம் மாறியது. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

“அந்த மூணு நாளைக் கணக்குல சேர்த்தீங்களா?”

“இல்லை மேடம்.”

“பின்னே எதுக்கு எழுதியிருக்கீங்க?”

“நடந்துச்சே மேடம்.”

அலுவலர் தாள்களை மேசையில் தட்டி அடுக்கினார். கடைசி இரண்டு பக்கத்தைப் பிரித்து அவர் கையிலேயே கொடுத்தார். “இந்த ஃபாரம் இதைக் கேட்கலை. பத்து நாள் சரியா இருக்கு. கேள்வி வாக்குச்சீட்டுல வரும்.”

வந்தது. வாக்குகளை எண்ணியபோது ஐந்து வார்டுகளில் நான்கில் பாதிப் பேர் சீட்டின் அடிப்பகுதியைத் தொடாமலே விட்டிருந்தார்கள். மூன்றாம் வார்டில் மட்டும் ஏறக்குறைய எல்லோரும் குறி போட்டிருந்தார்கள். இருநூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் ‘ஆம்’ ஜெயித்தது.

முடிவு சொன்ன சாயங்காலம் வேன் ஓடவில்லை. வேன்காரருக்கு அன்று மனசு சரியில்லை, அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணனும் தங்கையும் அவள் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டரும் சுற்றி நடந்தார்கள். அக்கரையில், பூட்டிய பாலத்தருகே வந்ததும் அவள் நின்றாள்.

“எப்பத் தொறப்பாங்க?”

“முதல்ல முடிவை முறைப்படி அறிவிக்கணும். அது பதினஞ்சு நாள். அப்புறம் ஒப்பந்தத்துக்கு அறிவிப்பு, முப்பது நாள். அதுக்கு ஆட்சேபணை வந்தா…”

“அண்ணா.”

“ம்.”

“சும்மா நட.”

அவர் சும்மா நடந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணிக்குப் பிடித்த புடவை ஒன்று இன்னும் தன் கடையில் ஓரம் தைக்காமல் கிடப்பதைப் பற்றி, முதல் தடவையாக, பேச ஆரம்பித்தாள்.