தொட்டால் மெத்தென்றிருந்த வயிறு

எங்கள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு டாக்டரம்மாவுக்கு நோயாளிகள் வைத்த பெயர் 'கேள்வி டாக்டர்'. வயிற்றுவலி என்று போனால் போதும். வலி எங்கே ஆரம்பித்தது, எங்கே நகர்ந்தது, வெளிக்குப் போனதா, ரத்தம் கலந்திருந்ததா, காற்றாவது பிரிந்ததா என்று துருவித் துருவிக் கேட்பார்.

"எங்க மாமியார்கூட என்னை இப்படிக் குடைஞ்சதில்ல" என்று ஒரு பெண் அலுத்துக்கொண்டாள்.

"அவங்களுக்கு உங்க வயிறு முக்கியமில்ல. எனக்கு முக்கியம்" என்றார் டாக்டர்.

ஒரு நாள் மதியம் பேக்கரி மாஸ்டர் ஒருவரை அவர் மனைவியும் மச்சினனும் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அடுப்பு முன்னால் நின்றவருக்குத் திடீரென்று வயிற்றைப் பிடுங்கியிருக்கிறது. வாந்தி, கூடவே தண்ணீராகப் பேதி. கட்டிலில் சுருண்டு கதறினார்.

"சாப்பாடு ஒத்துக்கல டாக்டர். ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்றான் மச்சினன்.

"அதே சாப்பாட்டை வேற யாரு சாப்பிட்டீங்க?"

"கடையில எல்லாருந்தான்."

"உங்க யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். குடல்வால் வீங்கியிருந்தால் வலது பக்கம் தொட்டதுமே துள்ளியிருப்பார். குடல் அடைத்திருந்தால் வயிறு உப்பியிருக்கும். இவர் வயிறோ மெத்தென்றிருந்தது. அழுத்தினாலும் வலி கூடவில்லை. ஆனால் மனிதர் துடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பொருத்தமின்மைதான் டாக்டரை உறுத்தியது. மணிக்கட்டைப் பிடித்தார். நாடி ஓடியது, தடுக்கியது, மறுபடி ஓடியது.

"இதயத்துக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?"

"ரத்தம் உறையாம இருக்கக் குடுத்தாங்கம்மா" என்றாள் மனைவி. "நல்லாத்தானே இருக்கேன்னு அவரே நிறுத்திட்டாரு."

டாக்டருக்குப் பொறி தட்டியது. இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று நழுவி, குடலுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்திருக்க வேண்டும். ரத்தம் போகாத குடல் சீக்கிரமே செத்துப்போகும். கட்டி மேலும் வளராமலிருக்க ஊசி போட்டார். அறுவை மருத்துவரைப் போனில் அழைத்தார். தள்ளுகட்டிலை ஸ்கேன் அறைக்குத் தானே தள்ளிக்கொண்டு ஓடினார்.

"சாய மருந்து ஏத்தணும், கிட்னி தாங்குமான்னு ரத்த ரிப்போர்ட் வந்துடட்டுமே" என்றார் ஸ்கேன் எடுப்பவர்.

"அது வர்றதுக்குள்ள குடல் அழுகிடும். எடுங்க, பொறுப்பு என்னோடது."

ஸ்கேனில் அடைப்பு பளிச்சென்று தெரிந்தது. அறுவை மருத்துவர் கட்டியை எடுத்தார். கறுத்துப்போயிருந்த கொஞ்சம் குடலையும் வெட்ட வேண்டியதாயிற்று. மற்றதெல்லாம் பிழைத்தது.

அறுவை அறையிலிருந்து வெளியே வந்த அறுவை மருத்துவர் டாக்டரிடம் கேட்டார்: "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"சந்தோஷப்பட்டிருப்பேன். அப்புறம் மறுபடி முதல்லேருந்து கேட்க ஆரம்பிச்சிருப்பேன்."

மாஸ்டர் இப்போது பேக்கரியில்தான் இருக்கிறார். மாவு மூட்டை தூக்கக் கூடாதாம். நாற்காலியில் உட்கார்ந்தபடி, மச்சினன் ரொட்டியைத் தீய்க்கிறான் என்று நாள் முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்.